நவக்கிரகமும் நமது பிள்ளைகளும்

நமது நாட்டில் பிள்ளைகளுக்கு ஆகாயத்தைப் பற்றி இரண்டு விதமான பாடங்கள் நடந்து வருகின்றன. ஒன்று பள்ளிக்கூடத்தில் நடப்பது. மற்றொன்று வீட்டில் நடப்பது. பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயர், சூரியன் ஒரு நட்சத்திரம் என்றும், அதைச் சுற்றி 8 கிரகங்கள் ஓடுகின்றன என்றும், பூமியும் அவற்றில் ஒன்று என்றும், சந்திரன் பூமியைச் சுற்றும் துணைக்கோள் என்றும் சொல்லிக் கொடுக்கிறார். பிள்ளையும் அதை மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதி மார்க்கு வாங்கிக்கொள்ளுகின்றது. அதே பிள்ளை வீட்டுக்கு வந்தால், கிரகணத்தன்று பாம்பு விழுங்குகிறது என்றும், சனி பிடித்திருக்கிறது என்றும், அக்காளுக்குச் செவ்வாய் தோஷம் இருப்பதால் வரன் அமையவில்லை என்றும் காதில் விழுகின்றது. இந்த இரண்டில் எது அப்பிள்ளையின் மனதில் நிற்கின்றது என்று பார்த்தால், வீட்டுப் பாடந்தான் நிற்கின்றது. பள்ளிக்கூடப் பாடம் பரீட்சை முடிந்த மறுநாளே போய்விடுகின்றது.

இது ஏன் என்று நாம் யோசித்துப் பார்க்க வேண்டாமா? நமது ஆட்கள் பலர், “படித்தவனே இப்படி இருக்கிறானே” என்று வருத்தப்பட்டுக் கொள்ளுவதோடு நின்றுவிடுகிறார்கள். காரணம் என்னவென்று பார்ப்பதில்லை. நாம் கண்ட காரணம் இதுதான். வீட்டில் மூடநம்பிக்கை வாயால் கற்பிக்கப்படுவதில்லை, கையால் கற்பிக்கப்படுகிறது. கிரகணம் என்றால் குழந்தை குளிக்கவேண்டும், பட்டினி கிடக்கவேண்டும், தண்ணீர்க் குடத்திலும் ஊறுகாய்ச் சாடியிலும் தர்ப்பைப் புல்லைப் போடவேண்டும், கதவைச் சாத்தவேண்டும். சனிக்கிழமை என்றால் எள் தீபம் ஏற்றவேண்டும். கோயிலுக்குப் போனால் ஒன்பது உருவங்களை ஒன்பது தடவை காலால் நடந்து சுற்றிவரவேண்டும். இப்படிக் கையும் காலும் வயிறும் சேர்ந்து படித்த பாடம் எங்கே போகும்? விஞ்ஞானமோ கரும்பலகையில் எழுதி, வாயால் ஒப்பித்து, காகிதத்தில் கக்கிவிடப்படுகிறது. வாயால் படித்தது கையால் படித்ததை ஜெயிக்குமென்று எதிர்பார்ப்பது நமது அறியாமையே ஒழிய, பிள்ளைகளின் குற்றமல்ல.

ஆதலால் நாம் சொல்லுவது என்னவென்றால், மூடநம்பிக்கை எந்த வழியில் வீட்டுக்குள் வந்ததோ அதே வழியில்தான் அறிவும் வரவேண்டும் என்பதாகும். சூரிய மண்டலத்தை வீட்டிலேயே, கையாலேயே பிள்ளைகளுக்குக் கற்பிக்கவேண்டும். இதற்குத் தூரதிருஷ்டிக் கண்ணாடி வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் விளையாட்டுச் சாமான் பெட்டியும் வேண்டியதில்லை. அடுக்களையில் இருக்கும் சாமான்களே போதும்.

முதலாவது, அளவு. பாடப் புத்தகத்தில் போட்டிருக்கும் சூரிய மண்டலப் படம் ஒரு பெரிய பொய்யைப் பிள்ளைக்குச் சொல்லுகிறது. கிரகங்களெல்லாம் மணி கோத்தாற்போல் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்பதாக அதில் காட்டப்படுகிறது. ஒரு பக்கத்தில் அடங்கவேண்டும் என்பதற்காக அப்படிப் போடுகிறார்கள். நாம் அதை வீட்டு வாசலில் திருத்திக் காட்டலாம். 1 லட்சம் கிலோமீட்டரை 1 சென்டிமீட்டராகக் குறைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்குப்படி சூரியனுக்கு 14 சென்டிமீட்டர் குறுக்களவு. நல்ல பெரிய உரித்த தேங்காய் ஒன்று சரியாக இருக்கும். அதை வாசற்படியில் வைத்துவிட்டுப் பிள்ளையைத் தெருவில் நடக்கச் சொல்லுங்கள். ஒரு அடி வைத்தால் அரை மீட்டர் என்று வைத்துக்கொள்ளுவோம். 12-வது அடியில் ஒரு ரவை; அது புதன். 22-வது அடியில் ஒரு கடுகு, அது வெள்ளி. 30-வது அடியில் இன்னொரு கடுகு. அதுதான் நாம் இத்தனை கோடிப் பேரும், நமது ராஜ்ஜியங்களும், கோயில்களும், ஜாதிகளும் குடியிருக்கும் பூமி. அந்தக் கடுகுக்கு ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் தள்ளி ஒரு தூசி, அது சந்திரன். 46-வது அடியில் சற்றுப் பெரிய ரவை, அது செவ்வாய். பிறகு நெடுந்தூரம் வெறுந்தரை. 156-வது அடியில் ஒரு கோலிக்குண்டு, அது வியாழன். 286-வது அடியில் ஒரு சுண்டைக்காய், அது சனி. 574-வது அடியிலும் 900-வது அடியிலும் ஒவ்வொரு மிளகு. அவை யுரேனசும் நெப்டியூனும். தெருக்கோடி தாண்டி அடுத்த தெருவுக்கே போய்விடவேண்டி இருக்கும். வேறொரு தேங்காயைப் பார்க்கவேண்டுமானால், அதாவது சூரியனைப் போன்ற அடுத்த நட்சத்திரத்துக்குப் போகவேண்டுமானால், இதே அளவில் சுமார் 4000 கிலோமீட்டர் நடக்கவேண்டும்.

இந்தக் கணக்கில் வெளிச்சத்தின் வேகம் என்ன தெரியுமா? ஒரு விநாடிக்கு 3 சென்டிமீட்டர். ஏறக்குறைய எறும்பின் நடை. அந்த எறும்பு தேங்காயிலிருந்து புறப்பட்டுக் கடுகுக்கு வந்து சேர 8 நிமிஷம் 20 விநாடி ஆகும். இப்போது நாம் பார்க்கிற வெயில் 8 நிமிஷத்துக்கு முந்திப் புறப்பட்ட வெயில் என்பதைப் பிள்ளை அன்று முதல் மறக்கமாட்டாது.

இப்படி ஒரு தடவை தெருவில் நடந்து, 46-வது அடியில் தன் கையாலேயே ரவையை வைத்த ஒரு பெண் குழந்தை பெரியவளாகும்போது, அந்த ரவை தன் கல்யாணத்தைத் தடுக்கிறது என்று ஒரு ஜோசியர் சொன்னால் அதை ஒப்புக்கொள்ளுமா? சிரிக்காதா? ஆனால் இன்று என்ன நடக்கிறது? செவ்வாய் தோஷம் என்கிற ஒரு வார்த்தையால் எத்தனை பெண்கள் வீட்டோடு வைக்கப்பட்டு இருக்கிறார்கள்! எத்தனை பெற்றோர் பரிகாரம் என்னும் பேரால் கடன்பட்டு இருக்கிறார்கள்! 2014-ம் வருஷம் செப்டம்பர் 24-ந் தேதி மங்கள்யான் என்ற இந்திய விண்கலம் அந்தச் செவ்வாயையே சுற்ற ஆரம்பித்தது. அது அங்கே துருவையும் தூசியையும் புயலையும் கண்டதே தவிர, நமது பெண்களின் ஜாதகத்தைக் கண்டதாகச் சொல்லவில்லை. அந்தக் கலத்தைச் செய்து அனுப்பியவர்களிலும் பெண்கள் பலர் இருந்தார்கள். அப்படியிருந்தும் தோஷம் போகவில்லை என்றால், கலம் செவ்வாய்க்குப் போன சேதி அடுக்களைக்கு வந்து சேரவில்லை என்றுதான் அர்த்தம்.

நிற்க, இந்த நவக்கிரகம் என்னும் கணக்கையே சற்றுப் பிள்ளைகளைக் கொண்டு தணிக்கை செய்து பார்க்கலாம். ஒன்பதில் சூரியன் நட்சத்திரம், கிரகமல்ல. சந்திரன் துணைக்கோள்; அதுவும் கிரகமல்ல. ராகு, கேது என்பவை பொருளே அல்ல. இரண்டு வளையல்களை எடுத்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் இரண்டே இடத்தில் அவை வெட்டிக்கொள்ளும். ஒரு வளையல் சூரியன் போவதாகத் தோன்றும் பாதை. மற்றது சந்திரன் போகும் பாதை. அந்த இரண்டு வெட்டுமிடங்களுக்குத்தான் ராகு, கேது என்று பெயர். வெட்டுமிடத்துக்கு விக்கிரகம் செய்து வேஷ்டி கட்டி உளுந்தும் கொள்ளும் படைப்பது மனிதன் ஒருவனுக்கே சாத்தியம். மீதி எத்தனை? ஐந்து. இந்த ஐந்தும் வெறுங்கண்ணுக்குத் தெரிபவை. வெறுங்கண்ணுக்குத் தெரியாதவை எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை. யுரேனஸ் 1781-ல் ஹெர்ஷல் என்பவரால் கண்டுபிடிக்கப்பட்டது. நெப்டியூன் 1846 செப்டம்பர் 23-ந் தேதி பெர்லின் வானாராய்ச்சிக் கூடத்தில் காலே என்பவரால் கண்டுபிடிக்கப்பட்டது. லவேரியே என்ற பிரெஞ்சுக்காரர் காகிதத்தில் கணக்குப் போட்டுச் சொன்ன இடத்துக்கு ஒரு பாகைக்குள்ளேயே அது இருந்தது. இதைத்தான் கணக்கு என்பது! முக்காலமும் உணர்ந்த திரிகால ஞானிகளின் பட்டியலில் இந்த இரண்டும் ஏன் விட்டுப்போயின என்று பிள்ளை கேட்டால், ஜோசியர் என்ன பதில் சொல்லுவார் என்று நாம் கேட்கின்றோம். எல்லாவற்றிலும் பெரிய வேடிக்கை என்னவென்றால், நாம் நிற்கிற பூமியே அந்த ஒன்பதில் இல்லை.

இரண்டாவது, கிரகணம். இதற்கு வேண்டியவை ஒரு இருட்டறை, ஒரு மின்சார விளக்கு, ஒரு எலுமிச்சம்பழம், அதைக் குத்திப் பிடிக்க ஒரு குச்சி. விளக்கு சூரியன், பழம் சந்திரன், பிள்ளையின் தலை பூமி. பழத்தைத் தலைக்குச் சற்று மேலாகக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, பிள்ளை இடது பக்கமாக மெதுவாகத் திரும்பட்டும். விளக்கைப் பார்த்து நிற்கும்போது பழத்தின் இருண்ட பக்கம் தெரியும், அது அமாவாசை. கால் சுற்றுத் திரும்பினால் வலது பாதியில் வெளிச்சம், அது வளர்பிறை. விளக்குக்கு முதுகைக் காட்டினால் முழு வெளிச்சம், அது பௌர்ணமி. பின்பு தேய்பிறை. சந்திரன் சாபத்தால் தேய்கிறான் என்ற கதை ஒரு சுற்றில் தீர்ந்துபோகும். அடுத்தபடியாக, பழத்தை விளக்குக்கு நேராக இறக்கி மறைத்துப் பார்த்தால் சூரிய கிரகணம். முதுகைத் திருப்பித் தன் தலை நிழலுக்குள்ளேயே பழத்தைக் கொண்டுவந்தால் சந்திர கிரகணம். மாதந்தோறும் ஏன் கிரகணம் வருவதில்லை என்றும் பிள்ளை கேட்கும், கேட்கவேண்டும். சந்திரனின் பாதை 5 பாகை சாய்ந்திருப்பதால் பெரும்பாலும் மேலேயோ கீழேயோ தப்பிப் போய்விடுகிறது என்பதை, முன்னே சொன்ன வளையல்களைக் கொண்டே காட்டலாம். பாம்பு எங்கே இருக்கிறது? பிள்ளையே தேடிப் பார்த்துக்கொள்ளட்டும்.

இதில் மறைந்திருக்கும் பித்தலாட்டத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் தீரவேண்டும். கிரகணம் நிழலால் வருகிறது என்பது இந்த நாட்டுக்குத் தெரியாத விஷயமல்ல. ஆரியபட்டர் 499-ம் ஆண்டை ஒட்டி எழுதிய தமது நூலிலேயே சந்திரன் சூரியனை மறைப்பதையும், பூமியின் நிழல் சந்திரனை மறைப்பதையும் சொல்லியிருக்கிறார். பஞ்சாங்கம் எழுதுகிறவர் கிரகணம் பிடிக்கும் நாழிகையை முன்கூட்டிச் சொல்லுவது நிழற்கணக்கைப் போட்டுத்தானே ஒழிய, பாம்பின் பசியை விசாரித்தல்ல. ஆகவே கணக்கு அவருக்கு, பாம்பு நமக்கு! அறிவைத் தனக்கென்று வைத்துக்கொண்டு, கதையை மட்டும் பொது ஜனங்களுக்கு விற்பதற்குப் பெயர் சாஸ்திரம் என்றால், மோசடி என்பதற்கு வேறென்ன அர்த்தம்? சென்னை வானாராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்பவர் 1874-ல் வெள்ளி சூரியனைக் கடந்து சென்ற சம்பவத்தைப் பொது ஜனங்களுக்கு விளக்கச் சிறு நூல் எழுதினார் என்பதையும் இங்கே சொல்லுவது நியாயம். ஜனங்களுக்குச் சொன்னால் புரியாது என்பது பொய். சொல்ல மனமில்லை என்பதே மெய்.

கிரகணக் கதை வெறும் கதையாக இருந்தால் நாம் இவ்வளவு தூரம் எழுதவேண்டியதில்லை. 2019 டிசம்பர் 26-ந் தேதி கோயமுத்தூர், திண்டுக்கல் முதலிய ஊர்களில் நெருப்பு வளையம் போலச் சூரிய கிரகணம் தெரிந்தது. அதே தினம் கர்நாடகத்தில் கலபுரகி ஜில்லாவில், உடல் ஊனமுற்ற குழந்தைகளைக் கிரகண நேரத்தில் மண்ணில் கழுத்தளவு புதைத்து வைத்தால் ஊனம் தீர்ந்துவிடும் என்று நம்பிப் பெற்றோரே புதைத்து வைத்தார்கள் என்ற செய்தி பத்திரிகைகளில் வந்தது. தோழர்களே! அந்தப் பெற்றோர் கொடியவர்களா? அல்லர். பிள்ளை நடக்கவேண்டும் என்ற ஆசையால் செய்தவர்கள். அன்பு இருந்தது, எலுமிச்சம்பழப் பாடம் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். அன்றைக்கு நமது ஊர்களிலும் எத்தனை கர்ப்பிணிகள் இருட்டறையில் பட்டினி கிடந்தார்கள் என்பதை அவரவர் வீட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. கிரகணத்தைப் பார்க்கலாம் என்று சொல்லுகிற நாம், வெறுங்கண்ணால் சூரியனைப் பார்க்கச் சொல்லவில்லை. கிரகண நாளிலும் மற்ற நாளிலும் சூரியனை நேரே உற்றுப்பார்த்தால் கண் கெடும். புகையேற்றிய கண்ணாடி, எக்ஸ்ரே தகடு, மஞ்சள் கரைத்த நீர் ஆகிய இவையும் ஆகா. இதற்கென்று செய்த கிரகணக் கண்ணாடி வேண்டும்; இல்லாவிட்டால் நிழலில் பார்க்கவேண்டும். ஒரு சிறு முகம் பார்க்கும் கண்ணாடியின்மேல், மிளகளவு துளையிட்ட காகிதத்தை ஒட்டி, வெயிலில் வைத்து, 5 மீட்டர் தள்ளி இருண்ட சுவரில் விழச் செய்தால் வட்டமான ஒரு வெளிச்சம் விழும். அது துளையின் உருவமல்ல, சூரியனின் உருவம். கிரகண நாளில் அதுவே பிறைபோல் ஆகும். மற்ற நாளில் அதை அளந்தால் ஏறக்குறைய 4½ சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக இருக்கும். அதாவது தூரத்தில் சுமார் 108-ல் ஒரு பங்கு. சூரியன் இருக்கும் தூரம் 15 கோடி கிலோமீட்டர். அதை 108-ஆல் வகுத்தால் சுமார் 14 லட்சம் கிலோமீட்டர். சூரியனின் குறுக்களவை ஒரு பள்ளிப் பிள்ளை சுவரில் அளந்து சொல்லிவிட்டது! ஏழு குதிரை பூட்டிய தேரை இனி அது எங்கே நிறுத்தும்?

மூன்றாவது, குச்சி. முற்றத்திலோ மொட்டை மாடியிலோ ஒரு குச்சியை நேராக நட்டு, தினம் உச்சிப்பொழுதில் நிழல் மிகக் குறுகும்போது அதன் நுனியில் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். வாரம் ஒரு புள்ளி போதும். ஒரு வருஷம் சென்றால் பிள்ளைக்குத் தெரியவரும் விஷயங்கள் பல. நமது தமிழ்நாட்டில் வருஷத்தில் இரண்டு நாள் உச்சியில் குச்சிக்கு நிழலே விழாது; சென்னையில் அது ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் மத்தியிலும் வரும். ஜூன் மாதத்தில் உச்சிப்பொழுது நிழல் தெற்கே விழும். டிசம்பரில் வடக்கே நீளும். குளிர் தேசத்தில் இருந்து வந்த படங்களைப் பார்த்துப் படிக்கும் பிள்ளைக்கு இது புத்தகத்தில் கிடைக்காது. பூமி 23½ பாகை சாய்ந்து சுற்றுவதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

மற்றொரு உண்மையும் அந்தப் புள்ளிகளில் இருக்கின்றது. சூரியன் வடக்கே திரும்பும் உத்தராயண புண்ணிய காலம் தை முதல் தேதியில் பிறக்கிறது என்று பஞ்சாங்கம் சொல்லுகின்றது. குச்சியோ அப்படிச் சொல்லவில்லை. நிழல் மிக நீண்டு திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22-ந் தேதி. அதாவது மார்கழி முதல் வாரம். தை பிறப்பதற்குள் மூன்று வாரத்துக்கு மேல் ஆகிவிடுகிறது. காரணம், பூமியின் அச்சு பம்பரம்போல் மெள்ளச் சுழன்று திசை மாறுகிறது. ஒரு சுற்றுக்குச் சுமார் 26000 வருஷம். ஏறக்குறைய 1700 வருஷத்துக்கு முன்னே இரண்டும் ஒத்திருந்தன. வானம் நகர்ந்துவிட்டது, பஞ்சாங்கம் நகரவில்லை. பொங்கல் அறுவடைத் திருநாள். உழைத்தவன் உண்டு மகிழும் நாள். அதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. புண்ணிய காலம் என்று நாழிகை குறித்து ஒருவர் தட்சணை வாங்குவாரானால், அந்த நாழிகை 24 நாள் பிந்திப்போனது என்று சொல்லும் உரிமை குச்சி நட்ட பிள்ளைக்கு உண்டு என்கின்றோம்.

இனி, நமக்குச் சொல்லப்படும் ஆட்சேபணைகளைப் பார்ப்போம். “பெற்றோருக்கே தெரியாதே, எப்படிச் சொல்லிக் கொடுப்பது?” என்கிறார்கள். தெரியாவிட்டால் நல்லதாயிற்று. பிள்ளையோடு சேர்ந்து தேங்காயும் கடுகும் எடுத்துக்கொண்டு நடக்கட்டும். தாயாருக்கும் பாட்டியாருக்கும் சேர்த்தே பாடம் நடக்கும். எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்குக்கூட நிழல் தெரியும். “பிள்ளைகளின் பக்தியைக் கெடுக்கிறீர்கள்” என்கிறார்கள். ஒரு எலுமிச்சம்பழத்தாலும் ஒரு குச்சியாலும் கெட்டுப்போகக்கூடிய பக்தி எவ்வளவு நாள் நிற்கும் என்று நம்பி இருக்கிறார்கள்? “பெரிய விஞ்ஞானிகளே ராக்கெட்டின் பொம்மையைக் கோயிலில் வைத்துப் பூசை செய்கிறார்களே” என்கிறார்கள். செய்யட்டும். 2023 ஆகஸ்ட் 23-ந் தேதி சந்திரயான் சந்திரனில் இறங்கியது பூசையாலா, கணக்காலா என்று அவர்களையே கேட்டுப்பாருங்கள். கணக்கு ஒரு எழுத்துத் தவறினால் எந்தப் பூசையும் கலத்தைக் காப்பாற்றாது. பூசை தவறினால் கணக்குக்கு ஒன்றும் குறையாது. 1976-ல் திருத்தப்பட்ட இந்திய அரசியல் சட்டம், விஞ்ஞான மனப்பான்மையையும் கேட்டுத் தெரிந்துகொள்ளும் குணத்தையும் வளர்ப்பது ஒவ்வொரு பிரஜையின் கடமை என்று 51ஏ பிரிவில் சொல்லுகிறது. ஆகவே இது நமது கட்சிப் பேச்சு மாத்திரமல்ல, நாட்டின் சட்டமுமாகும்.

கடைசியாக ஒன்று. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது, “நான் சொல்லுகிறேன், நம்பு” என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் புரோகிதருக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? “அளந்து பார், எண்ணிப் பார், நாளைக்கும் பார்” என்று சொல்லுங்கள். நாம் இங்கே எழுதியிருக்கும் கணக்கையும் பிள்ளைகள் சரிபார்க்கட்டும். பாம்பு இல்லை என்று ஒப்பிப்பதைக் காட்டிலும், எப்படித் தெரியும் என்று கேட்கக் கற்றுக்கொள்ளுவதே பெரிய லாபம். அந்தக் கேள்வியைக் கற்ற பிள்ளை ஆகாயத்தோடு நிற்காது. ஜாதி பிறவியில் வந்தது என்று எப்படித் தெரியும்? பெண் தாழ்ந்தவள் என்று யார் அளந்து பார்த்தார்? ஏழை முன் ஜென்மத்துப் பாவத்தால் ஏழையானான் என்பதற்கு எந்தச் சுவரில் நிழல் விழுந்தது? என்றெல்லாம் கேட்கும். அதற்குப் பயந்துதான் சிலர் பிள்ளைகளின் கையில் குச்சியைக் கொடுக்காமல் தர்ப்பையைக் கொடுக்கிறார்கள்.

ஆகவே, பெற்றோர்களே! வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு தேங்காயையும் ஒரு பிடி கடுகையும் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்குங்கள். ஆண் பிள்ளைகளோடு பெண் பிள்ளைகளையும், உங்கள் தெருப் பிள்ளைகளோடு அடுத்த தெருப் பிள்ளைகளையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு நடங்கள். அடுத்த கிரகணம் வரும்போது கதவைச் சாத்தாமல் வாசலுக்கு வந்து, சுவரில் பிறையைக் காட்டி, எல்லோருக்கும் வயிறு நிறையச் சோறு போடுங்கள். செலவு ஒரு தேங்காய். அதையும் மறுநாள் துவையலுக்கு அரைத்துக்கொள்ளலாம்.